மூடிய போர்ட் திறந்திருப்பது எப்படி?

ஜொகூர் பாருவில் கடை, சிங்கப்பூரில் வாடிக்கையாளர் என்று பாலத்தின் இருபுறமும் தொழில் செய்கிறவர்கள், எங்கிருந்தாலும் அலுவலக சர்வரில் கணக்குப் பார்க்க விரும்புவார்கள். அதற்காக ஓரிரு போர்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஃபயர்வாலில் மூடிவைப்பது வழக்கம். பிறகு வெளியிலிருந்து சோதித்தால் 3306 திறந்து கிடக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் போர்ட் அது. வாடிக்கையாளர் விவரம், பாக்கி, விலைப்பட்டியல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் இருக்கும்.

பதறி சர்வரை அணைக்க வேண்டாம். ஒரு நிரல் காத்திருந்தால்தான் போர்ட் திறந்திருக்கும். அது எந்த நிரல் என்று லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையும் விண்டோஸில் நெட்ஸ்டாட்டும் காட்டிவிடும். கூடவே முகவரியையும் பாருங்கள். 127.0.0.1 என்றால் அந்தக் கணினிக்குள் மட்டும், 0.0.0.0 என்றால் எல்லா இணைப்புகளிலும் காத்திருக்கிறது.

லினக்ஸ் சர்வரில் நான் முதலில் சந்தேகிப்பது, நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைத்தான். உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ, சர்வருக்கென்று வரும் தரவை வாசலில் நின்று தடுக்கும் காவலாளி. டாக்கரோ தன் கன்டெய்னருக்குரிய தரவை அந்த வாசலுக்கு வரும் முன்பே வேறு பாதையில் திருப்பிவிடுகிறது. இதற்கான விதிகளை அதுவே எழுதிக்கொள்வதால், யுஎஃப்டபிள்யூ ‘தடை’ என்று காட்டும்போதே வெளியாள் உள்ளே போய்விடலாம். போர்ட்டை 127.0.0.1 முகவரியோடு சேர்த்து அறிவித்தால் இந்த ஓட்டை அடைபடும். 

ஃபயர்வாலில் ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டும் விதி எழுதி ஐபிவி6-ஐ மறப்பதும் உண்டு; அப்போது அந்த வழியாக போர்ட் திறந்தே இருக்கும்.

சர்வரில் எதுவும் காத்திருக்கவில்லை, வெளியிலோ திறந்ததாகக் காட்டுகிறது என்றால், பதில் சொல்வது பெரும்பாலும் ரௌட்டர். அதிலுள்ள யுபிஎன்பி வசதி உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடும். இணைய நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரௌட்டரைப் பராமரிக்க 7547 போர்ட்டைப் பயன்படுத்துவதுண்டு. 2016 நவம்பரில் அந்த போர்ட் வழியாக நடந்த தாக்குதலில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது.

அலுவலக வைஃபையிலிருந்து சோதித்தால் உண்மை தெரியாது. கைத்தொலைபேசியின் டேட்டாவுக்கு மாறி, உங்கள் சொந்த முகவரியை மட்டும் என்மேப் என்ற போர்ட் சோதனைக் கருவியால் சோதியுங்கள். விண்டோஸில் தொலை இயக்கத்துக்கான 3389, கோப்புப் பகிர்வுக்கான 445 இரண்டும் இணையத்துக்குத் தெரியவே கூடாது. 2017 மே மாதம் வானாகிரை என்ற பிணைப்பணத் தீம்பொருள் பரவியது 445 வழியாகத்தான். தொலைவிலிருந்து வேலை செய்ய விபிஎன் வையுங்கள். யாரோ நுழைந்த தடயம் தெரிந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் உடனே புகார் கொடுங்கள்.