தேனீப் பெட்டியருகே முதல் நாள்

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காடு, காப்பித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. 1820ஆம் ஆண்டுகளில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்பவரே இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்று காப்பிச் செடியோடு, அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம், ஆரஞ்சு, பலா, மிளகு, கொய்யா ஆகியவையும் இங்கே செழித்து வளர்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை பெய்து ஏறத்தாழ பத்து நாட்கள் சென்றதும், காப்பிச் செடிகள் யாவும் ஒருசேர வெண்மலர் பூத்து நிற்கும். இத்தகைய மலையைக் காட்டிலும் தேனீ வளர்ப்புக்கு ஏற்ற இடம் காண்பது அரிது.

தேனீயால் தேனும் மெழுகும் மட்டுமன்றி, தோட்டத்திற்கும் நன்மை உண்டு. ஏற்காட்டில் பெரிதும் பயிராகும் அராபிகா காப்பி, தன் மகரந்தத்தைக் கொண்டே காய்க்கவல்லது. எனினும், தேனீக்கள் வந்து செல்லும் தோட்டத்தில் காய்ப்பு மிகுவதைப் பனாமா நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2002ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. இரண்டு மூன்று ஏக்கர் காப்பி வைத்திருக்கும் ஒரு மலைவாழ் குடும்பத்திற்கு நான்கு பெட்டித் தேனீ இருபுறமும் உதவும்.

இவ்வளவு நன்மை இருந்தும், ஆர்வத்தோடு பெட்டி வாங்கிச் சென்றவர்களில் சிலர் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டு விடுகிறார்கள். காரணம் கேட்டால், பூ இல்லை, மழை அதிகம் என்று பலவும் சொல்வார்கள். சற்றுப் பொறுமையாக விசாரித்தால், உண்மையான காரணம் கொடுக்கைப் பற்றிய அச்சமே என்பது புலனாகும். முதல் நாள் நான்கு கொட்டு வாங்கியவர், மறுமுறை பெட்டியைத் திறக்கத் தயங்குகிறார். திறந்து பார்க்காத பெட்டியில் மெழுகுப் பூச்சி புகுகிறது, எறும்பு ஏறுகிறது, ஒரு நாள் தேனீக்கள் கூட்டோடு வெளியேறி விடுகின்றன. ஆகவே, தேனீ வளர்ப்பின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த முதல் நாளிலேயே முடிவாகிறது எனலாம். அந்த நாளை எவ்வாறு கடப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேனீ ஏன் கொட்டுகிறது?

தேனீ பகைமையால் கொட்டுவதில்லை. தன் கூட்டைக் காப்பதற்காகவே கொட்டுகிறது. கூட்டில் உள்ள மூவகைத் தேனீக்களில் ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. இராணித் தேனீ மனிதரைக் கொட்டுவது மிக அரிது. கொட்டுபவை வேலைக்காரத் தேனீக்களே. அவற்றின் கொடுக்கில் மீன் தூண்டிலில் உள்ளது போன்ற பின்னோக்கிய முட்கள் உண்டு. அதனால், கொட்டிய கொடுக்கு நம் தோலில் சிக்கிக்கொள்ள, நஞ்சுப் பையும் அதனோடு பிய்ந்து விடுகிறது. தேனீ பெரும்பாலும் உயிர் துறக்கிறது. தன் உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், தக்க காரணமின்றித் தேனீ கொட்டுவதில்லை. மலர் மீது அமர்ந்து தேன் அருந்தும் தேனீயின் அருகே நாம் நின்றாலும் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை என்பதைத் தோட்ட வேலை செய்யும் எவரும் அறிவர்.

கூட்டின் வாயிலில் நிலைமை வேறு. அங்கே காவல் தேனீக்கள் உள்ளன. அதிர்ச்சி, இருண்ட உருவம், திடீர் அசைவு, மூச்சுக்காற்று ஆகியவை அவற்றுக்குப் பகைவனின் வருகையை உணர்த்துகின்றன. ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கிலிருந்து ஒருவித மணம் பரவுகிறது. நமக்கு அது கனிந்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்திருக்கும். மற்றத் தேனீக்களுக்கோ அது 'இங்கே பகைவன்' என்னும் அறிவிப்பு. ஒரு கொட்டு பல கொட்டுக்களாகப் பெருகுவது இதனாலேயே. எனவே, முதற்கொட்டைத் தவிர்ப்பவர் பெரும்பாலும் எல்லாக் கொட்டுக்களையும் தவிர்த்து விடுகிறார்.

பெட்டித் தேனீயும் மலைத் தேனீயும்

பாறை இடுக்கிலும் நெடிய மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத் தேனீயைக் கண்டு அஞ்சியவர்கள், பெட்டித் தேனீயையும் அவ்வாறே எண்ணுகின்றனர். இரண்டும் வெவ்வேறு இனம். நம் பெட்டிகளில் வளர்வது அடுக்குத் தேனீ என்னும் இந்தியத் தேனீ. மரப்பொந்திலும் கற்சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டுவதால் அதற்கு அப்பெயர். உருவத்தில் சிறியது, குணத்தில் சாது. மலைத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலாது.

அடுக்குத் தேனீக்கென்றே திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1910ஆம் ஆண்டுகளில் ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். அடி அறை, தேன் அறை, தனித்தனியே எடுக்கக் கூடிய சட்டங்கள் ஆகியவற்றைக் கொண்ட அப்பெட்டி இன்றும் நம் மாநிலத்தில் வழங்கி வருகிறது. சட்டத்திற்கும் சட்டத்திற்கும் இடையே தேனீ நடமாடும் அளவு இடைவெளி விடப்பட்டிருப்பதால், அடையைப் பிய்க்காமலே வெளியே எடுத்துப் பார்க்க முடிகிறது. பெட்டி வளர்ப்பில் கொட்டு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இனத்திற்கு வேறொரு குணமும் உண்டு. அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டைத் துறந்து ஓடிவிடும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் எண்ணற்ற கூட்டங்களை அழித்தது. அதிலிருந்து மீண்ட கூட்டங்களின் வழித்தோன்றல்களே இன்று நம்மிடம் உள்ளன. ஆதலால், நாம் கொட்டுப்படாமல் இருப்பது மட்டும் போதாது. தேனீயும் கலவரப்படாமல் இருக்க வேண்டும். நல்ல வேளையாக, இரண்டுக்கும் வழி ஒன்றே.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

முன்னர் ஏதேனும் பூச்சிக் கடியால் உடலெங்கும் தடிப்போ, மூச்சுத் திணறலோ ஏற்பட்டவர்கள் மருத்துவரைக் கலந்து கொள்ளாமல் தேனீப் பெட்டியருகே செல்லலாகாது. மற்றவர்களும் முதல் முறை தனியே செல்லாமல், பழகிய ஒருவருடன் செல்ல வேண்டும்.

உடையைப் பற்றி ஏற்காட்டினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே குளிருக்காக நாம் அணியும் கறுப்புக் கம்பளிச் சட்டையும் போர்வையும் தேனீக்கு ஆகாதவை. தேன்கூட்டின் பழம்பகையான கரடி, கறுத்த நிறமும் அடர்ந்த மயிரும் உடையது. கம்பளியின் இழைகளில் தேனீயின் கால்கள் சிக்கிக்கொள்வதும் உண்டு. வெண்மை அல்லது வெளிர் நிறமுள்ள வழவழப்பான பருத்தி உடையே ஏற்றது. முழுக்கைச் சட்டையும், கால் முனையில் கட்டிய முழுக்காற்சட்டையும் நலம். வேட்டியோ சேலையோ உடுத்திச் செல்பவர்கள், தேனீ உள்ளே நுழையாதவாறு இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். முகவலை கட்டாயம் தேவை. கையுறை விருப்பம் போல அணியலாம். ஆனால் தடித்த கையுறை விரலின் உணர்வைக் குறைத்துத் தேனீயை நசுக்கச் செய்யும்.

வாசனைத் தைலம், அத்தர், தலையில் சூடிய மல்லிகைச் சரம் ஆகியவற்றை அன்று தவிர்க்க வேண்டும். கூந்தலை முடிந்து துணியால் மூடிக்கொள்வது அவசியம். வியர்வை நாற்றமும் தேனீக்குப் பிடிக்காது; குளித்துவிட்டுச் செல்வது நல்லது. முன்னர்க் கூறிய காரணத்தால், வாழைப்பழத்தையும் உடன் கொண்டு போக வேண்டாம்.

நேரம் பார்த்துச் செல்வதும் முக்கியம். வெயில் நன்கு ஏறிய முற்பகலே சிறந்தது. அப்போது வயது முதிர்ந்த தேனீக்கள் பலவும் பூத் தேடி வெளியே சென்றிருக்கும். மூடுபனி இறங்கிய நாளிலும், சாரலிலும், பலத்த காற்றிலும் அவை யாவும் வீட்டிலேயே அடைபட்டிருக்கும், சினமும் மிகுந்திருக்கும். பனி சூழ்ந்த காலையில் ஏற்காட்டுக்கு வந்த பயிற்சியாளர், அது விலகும் வரை காத்திருப்பதில் தவறில்லை.

பெட்டியை அணுகும் முறை

பெட்டியின் வாயிலுக்கு எதிரே ஒருபோதும் நிற்கலாகாது. அது தேனீக்கள் போய்வரும் வழி. பக்கவாட்டிலோ பின்புறமோ சென்று, முதலில் நாலைந்து அடி தள்ளி நின்று கால் மணி நேரம் வாயிலைக் கவனிக்க வேண்டும். பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளோடு தேனீக்கள் இறங்குவதைக் காணலாம். இவ்வாறு பார்த்துக்கொண்டிருப்பதே அச்சத்தைப் போக்கும் முதல் மருந்து. பெட்டியருகே ஆடு மாடுகளைக் கட்டி வைக்கக் கூடாது. கட்டிய பிராணியால் ஓடித் தப்ப இயலாது. சிறு குழந்தைகளையும் அண்டவிடக் கூடாது.

அடுக்குத் தேனீ தன் அமைதி குலைந்ததைத் தானே அறிவிக்கும். பெட்டி அதிர்ந்தால் உள்ளிருந்து 'உஸ்' என்று அலை போல ஓர் ஒலி எழும்பும். அதைக் கேட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும். ஒலி அடங்கிய பின்னரே மேற்கொண்டு தொடர வேண்டும்.

திறக்குமுன் புகைமூட்டியால் வாயிலில் இரண்டு மூன்று முறை மெல்லப் புகை காட்டி, ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். புகை இருவகையில் பயன்படுகிறது. அது அபாய மணத்தை மறைக்கிறது. தீ வந்துவிட்டதென எண்ணும் தேனீக்கள் தேனை வயிறு நிரம்பக் குடித்துச் சாந்தமடைகின்றன. தேங்காய் நார், பழைய சாக்குத் துணி இவற்றின் குளிர்ந்த வெண்புகையே ஏற்றது. அடுக்குத் தேனீக்குச் சிறிது புகையே போதும். மிகுந்தால் அடையை விட்டு ஓடத் தொடங்கும். கோடையில் சருகு காய்ந்திருக்கும் இம்மலையில், வேலை முடிந்ததும் புகைமூட்டியின் கங்குகளை நீர் ஊற்றி அணைப்பது நம் கடமையாகும்.

மூடியை ஓசையின்றி எடுக்க வேண்டும். முதலில் ஓரத்துச் சட்டத்தை நேராக மேலே தூக்கி, பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். அடையின் மீது மூச்சு விடலாகாது. ஒரு தேனீயையும் நசுக்காமல் இருப்பதில் மிகுந்த கவனம் தேவை. நசுங்கிய தேனீயிலிருந்தும் அபாய மணம் பரவும். முதல் நாள் பத்து நிமிடப் பார்வை போதுமானது. முகத்தைச் சுற்றி ஒரு தேனீ ரீங்காரமிட்டால் கையை வீசி விரட்ட வேண்டாம். தலையைத் தாழ்த்தி மெல்ல நடந்து மர நிழலுக்குச் சென்றால், அது திரும்பிவிடும்.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியவை

இவ்வளவு கவனித்தும் ஒன்றிரண்டு கொட்டு விழலாம். அப்போது சட்டத்தைக் கீழே போட்டுவிடாமல், உரிய இடத்தில் வைத்துவிட்டு விலக வேண்டும். இதற்கிடையே தேனீயை விட்டுப் பிரிந்த நஞ்சுப் பை தானே சுருங்கி விரிந்து நஞ்சைச் செலுத்திக் கொண்டிருக்கும். பெரும்பகுதி முதல் அரை நிமிடத்திலேயே உடலில் ஏறிவிடுகிறது. கொடுக்கை நகத்தால் சுரண்டுவதா, விரலால் பிடுங்குவதா என்று ஆராய்ந்து கொண்டிருக்கத் தேவையில்லை. எவ்விதமாயினும் உடனே எடுப்பதே முக்கியம். பிறகு அவ்விடத்தில் சிறிது புகை காட்டி, விலகிச் சென்று, சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க வேண்டும். சுண்ணாம்பு தடவும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கொடுக்கை எடுக்காமல் அதைத் தடவுவதால் நேரமே வீணாகிறது, தோலும் புண்ணாகலாம். கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கமும் அரிப்பும் தோன்றி ஓரிரு நாளில் வடிவது இயல்பே.

ஆனால் உடலெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கக் கூடும். ஒரு கணமும் தாமதியாமல் 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அட்ரினலின் ஊசியே இதற்குரிய மருந்து. ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே 'சற்றுப் பார்ப்போம்' என்று காத்திருப்பது பெருந்தவறாகும்.

மலைத் தேனீயிடம் இம்முறைகள் செல்லுபடியாகா. அதன் கூட்டைக் கல்லெறிந்தோ நெருப்பு மூட்டியோ கலைத்தால், நூற்றுக்கணக்கில் நெடுந்தூரம் துரத்தும். அப்போது மெல்ல நடப்பது ஆகாது. முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவடைத்த அறையினுள்ளோ வாகனத்தினுள்ளோ புக வேண்டும். நீரில் குதிப்பதால் பயனில்லை. தலை தூக்கும் வரை அவை மேலே சுற்றிக் கொண்டிருக்கும்.

தொடர்ந்து பழகுதல்

முதல் நாளுக்குப் பிறகு வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்வையிட்டால் போதும். நான்கைந்து வாரங்களில் கை தானாகவே நிதானம் பெறும்; எந்த ஒலி அமைதியைக் குறிப்பது, எது சினத்தைக் குறிப்பது என்பது காதுக்குப் பழகிவிடும். எமது வட்டாரத்தில் பெட்டி பெறும் மகளிர் குழுவினரும் சிறு விவசாயிகளும், பெட்டியை வீட்டுக்குக் கொண்டு செல்லுமுன் அருகிலுள்ள வளர்ப்பாளரிடம் இரண்டு மூன்று முறையேனும் சென்று பழகிக்கொள்வார்களாயின், கைவிடப்பட்ட வெற்றுப் பெட்டிகளை நாம் காண நேராது. காப்பி பூக்கும் பருவத்திற்கு முன்பே, மழை ஓய்ந்து வெயில் தெளியும் தை, மாசி மாதங்களில் இப்பழக்கத்தைத் தொடங்குவது நலம். பூ மலரும்போது பெட்டியும் தயாராக இருக்கும். அதைத் திறக்கும் கையும் தயாராக இருக்கும்.