மருந்து கெட்டிக்கும் கை

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு ‘நீண்ட குன்று’ என்பது பொருள். 1999 முதல் இலகு இரயில் சுற்றிவரும் இந்த அடுக்குமாடிப் பேட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காடும் தோட்டமும் கலந்து கிடந்த நிலம். அங்கும், அதனை அடுத்த புக்கிட் தீமாப் பகுதியிலும், சீனத் தொழிலாளர் கேம்பியர்த் தோட்டங்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் உழைத்தனர். ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்த புலிகள், குனிந்து வேலை செய்வோரைப் பின்னிருந்து தாக்கின. 1854 இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டுகளைச் சேகரித்த இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு தொழிலாளர் புலிக்கு இரையாவதாகப் பின்னர்த் தம் நூலில் எழுதினார். அக்கணக்கு மிகையாகலாம், மக்களின் அச்சம் மிகையன்று. புலிக்கென்று பதினைந்து, இருபது அடி ஆழத்தில் தோண்டி இலைதழையால் மூடிய குழிகள் வழிப்போக்கருக்கும் எமனாயின.

இப்புலிகளை வேட்டையாட அரசு அனுப்பியவர்களுள் இந்தியக் கைதிகளும் இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் முதன்முதல் இறக்கப்பட்ட எண்பது கைதிகளும் சென்னை மாகாணத்தவர், வங்காளத்தார் அடுத்துவந்தனர். சாலையும் பாலமும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. கைதிகளின் கண்காணிப்பாளராயிருந்த மேக்நேர், 1899 இல் வெளியிட்ட நூலில், வேட்டைப் பழக்கமுள்ள கைதிகளைச் சிறு குழுக்களாக்கி, பழைய வாய்வழித் துப்பாக்கிகளைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். அரசு கைதியை நம்பித் துப்பாக்கி கொடுத்தது ஒரு வியப்பு. அந்தத் துப்பாக்கியை நம்பி அவர்கள் புலியின் முன் சென்றது அதனினும் பெரிய வியப்பு.

ஏனெனில், வாய்வழித் துப்பாக்கி என்பது தானாக இயங்கும் கருவியன்று. குழலின் வாய் வழியே மருந்தை அளந்து கொட்டவேண்டும்; குண்டையும் அடைப்பையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்கவேண்டும்; பின்னர்ப் பற்றுவாயில் தீப்பிடிக்க வழிசெய்யவேண்டும். இவையனைத்தும் சேர்ந்ததே ‘கெட்டித்தல்’. தேர்ந்த போர்வீரர் திறந்த வெளியில் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவர் என்பது அக்காலக் கணக்கு. புதரிலிருந்து பாயும் புலி இருபது விநாடி காத்திருக்குமா? ஆகவே முதல் வேட்டே முடிவான வேட்டு.

அந்த முதல் வேட்டும் உறுதியன்று. வெடியுப்பு முக்கால் பங்கும், கரியும் கந்தகமும் எஞ்சிய காற்பங்குமாகக் கலந்த கருமருந்து ஈரம்பட்டால் கெட்டுவிடும். இத்தீவிலோ ஈரம் இல்லாத நாள் அரிது. இன்னொரு தொல்லையும் உண்டு. கருமருந்து எரியும்போது ஏறத்தாழப் பாதியே ஆவியாகிறது; எஞ்சியது கசடாகக் குழலில் படிகிறது. அக்கசடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். சில வேட்டுகளுக்குப் பிறகு குண்டு உள்ளே இறங்கவே மறுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாதவரின் துப்பாக்கி விரைவில் பயனற்றுப்போகும். வாய்வழித் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சுடும் இன்றைய ஆர்வலரும் இதே வேலையைத்தான் செய்கின்றனர். சுடுவது சிறிது நேரம்; கழுவுவது நெடுநேரம். கோலைக் குழலில் விட்டு, அதிலுள்ள கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, உள்ளே மருந்து கிடக்கிறதா எனத் தெளியும் பழைய வழக்கத்தையும் அவர்கள் கைவிடவில்லை.

இத்துப்பாக்கியின் பெருங்குறையை நீக்க வழிகண்டவர் படைத்தலைவரல்லர். பொழுதுபோக்காகப் பறவை சுட்ட ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் திருப்பணி செய்த அலெக்சாண்டர் பார்சைத் என்பவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. சக்கிமுக்கிக் கல் பொறியைக் கண்டதும் வாத்துகள் பறந்துவிடும். குண்டு அதன்பிறகே புறப்படும். அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனப் பொடியைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1807 இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே தமிழ்நாட்டார் ‘கேப்பு’ என்று சொல்லும் சிறு செப்புக் குல்லாய். ‘குதிரை’ அதன்மேல் விழுந்தவுடன் தீ உள்ளே பாயும். மழையிலும் சுடலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது. வாத்துகளுக்கு மட்டும் இது நல்ல செய்தியன்று.

கேப்பு வந்ததால் சுழல் துப்பாக்கியும் கைகூடியது. சாமுவேல் கோல்ட் 1835 இல் இங்கிலாந்திலும் 1836 இல் அமெரிக்காவிலும் தமது ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே குழல், அதன் பின்னே சுழலும் உருளையில் ஐந்தாறு அறைகள். ஆயினும் ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் கையால் இடப்பட்டமையால், இதுவும் ஒருவகையில் பழைய துப்பாக்கியே. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவினால் பல குண்டுகள் ஒருங்கே வெடிக்கும். அதைத் தடுக்க அறை வாயில் கொழுப்புப் பூசுவது பழகிய முறை. 1857 இல் ஸ்மித், வெசன் இருவரின் நிறுவனம் உலோகத் தோட்டா இடும் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இத்தொல்லை மெல்ல ஒழிந்தது. கேப்பு, மருந்து, குண்டு மூன்றும் ஒரே கூட்டில் அடங்கின. சுடுபவர் கையிலிருந்த பொறுப்பு தொழிற்சாலைக்குப் போயிற்று.

அந்தப் பொறுப்பை மீண்டும் தம் கைக்கு வாங்கிக்கொள்பவர்களே தோட்டாவைத் தாமே நிரப்பும் ஆர்வலர். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுதான் தோட்டாவில் விலை மிகுந்த உறுப்பு. அதனைப் பலமுறை பயன்படுத்தலாம். பழைய கேப்பை நீக்கி, வீங்கிய கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் பொருத்துவர். சிக்கனம் ஒரு காரணம். தம் துப்பாக்கிக்கு இசைந்த அளவைத் தேடிக் காண்பது மற்றொன்று. கடையில் தோட்டா கிடைக்காத பழந்துப்பாக்கி வைத்திருப்போர்க்கோ வேறு வழியில்லை.

இங்கே அளவுதான் உயிர். மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். தட்டார் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெயின் என்றால் அதன் நுண்மை விளங்கும். தட்டார் பிழைத்தால் பொன் குறையும். இவர் பிழைத்தால் விரல் குறையும். ரிவால்வர்த் தோட்டாவில் மருந்து கூட்டின் அடியில் சிறிதே கிடப்பதால், கவனம் சிதறி இருமுறை கொட்டிவிட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. அதனால்தான் குண்டைப் பொருத்துமுன் விளக்கொளியில் எல்லாக் கூடுகளின் உள்ளும் பார்த்துவிடுவர் பழகியவர்கள். இதனினும் கொடிய பிழை ஒன்றுண்டு. 1884 இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் கண்ட புகையில்லா மருந்து, கருமருந்தைவிடப் பன்மடங்கு வலிமை உடையது. அதனைக் கருமருந்தென்று எண்ணிப் பழைய வாய்வழித் துப்பாக்கியில் இட்டால் குழலே பிளந்து, சுடுபவரின் கையையும் முகத்தையும் சிதைக்கும். இரண்டும் பொடி, இரண்டும் கரியநிறம் என்ற தோற்றம் ஏமாற்றிவிடுகிறது.

வாய்வழித் துப்பாக்கி இன்றும் வழக்கொழிந்து போகவில்லை. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பயிர்க்காவலுக்கான வாய்வழித் துப்பாக்கியைத் தனியே சுட்டி, அதற்கு உரிமம் அளிக்க இடம் தருகிறது. காட்டுப்பன்றிக்கு அஞ்சும் உழவருக்கு அது பொழுதுபோக்கன்று. சிங்கப்பூரில் நிலை வேறு. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் புரியத் துப்பாக்கியால் சுடுவோர்க்கு மரண தண்டனை உண்டு; உரிமமின்றித் துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்திருத்தல் கூடாது. சுடும் ஆர்வம் பழைய சுவா சூ காங் சாலையிலுள்ள தேசியச் சுடுதிடல் போன்ற இடங்களில் அடங்குகிறது. புக்கிட் பாஞ்சாங்கிற்கு அணித்தான சுவா சூ காங் சிற்றூர்ப் பக்கம்தான், 1930 இல், தீவின் கடைசிக் காட்டுப்புலியை ஓங் கிம் ஹோங் என்னும் வேட்டை விருப்பினர் சுட்டார்.

புலியும் போயிற்று, கெட்டிக்கும் கோலும் போயிற்று. சொல் மட்டும் தங்கியிருக்கிறது. மலாயில் துப்பாக்கியைக் குறிக்கும் பழஞ்சொல் ‘பெடில்’. அது தமிழ் ‘வெடி’யிலிருந்து சென்றது என்பர் சொல்லாய்வாளர். டச்சு மொழி வழிவந்த ‘செனாப்பாங்’ பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம்முடைய ‘துப்பாக்கி’யோ துருக்கியிலிருந்து வந்த விருந்தாளி. ஆயினும் மலாய் அகராதியைப் புரட்டும் தமிழாசிரியர் ‘ஊபாட் பெடில்’ என்ற தொடரில் சற்று நிற்பார். ஊபாட் என்றால் மருந்து. நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் அதுவே, குழலில் கெட்டிக்கும் மருந்தும் அதுவே.