காண்டாக் கம்பு போனது, காலும் ஓய்ந்தது

"உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று டாக்டர் சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. "காலமெல்லாம் பால் வெட்டின உடம்புக்கு இனிமேல் என்னங்க பயிற்சி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பால் வெட்டை நிறுத்திய பிறகு அந்த உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது?

பழைய வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரந்தாவ், லாபு, லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு. பிறகு நிரை. ஒருவருக்கு 500, 600 மரம். வெட்டி முடித்து, பால் வடிந்து நின்றதும், மங்கில் சேர்ந்ததை எடுக்க அதே மரங்களை மறுபடி ஒரு சுற்று. மேடும் பள்ளமுமான நிலம். அப்புறம் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நடை. லயத்துக்குத் திரும்பினால் பெண்களுக்குத் தண்ணீர், விறகு, துணி துவைப்பு. இதற்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. குவித்துப் போட்ட சோற்றை அந்த உழைப்பே செரித்துத் தீர்த்தது.

அந்தக் காலமே திரும்பட்டும் என்று நான் சொல்லவில்லை. காண்டாக் கம்பு காய்ப்பேற்றிய தோள்களைக் கண்டவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இன்று ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறிச் செனவாங் போகிறார்கள். அங்கே நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பார்கள், அல்லது உட்காருவார்கள். தகப்பனாருக்குக் காவல்காரர் வேலை, நாற்காலியோடு. அரைக் கட்டை தூரத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். சோற்றின் அளவும், தேநீரில் ஊற்றும் கெட்டிப் பாலும் மட்டும் பழையபடியே இருக்கின்றன.

இதன் பலனை அரசாங்கக் கிளினிக்கின் வரிசையில் பார்க்கலாம். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேருக்கு. இந்த இனிப்புநீர் வியாதிக்குப் பரம்பரையும் காரணம், உணவும் காரணம். அவற்றோடு நாம் அதிகம் பேசாத காரணம் ஓய்ந்துபோன கால்.

லண்டன் மாநகரில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், இரண்டடுக்குப் பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார். அதே பஸ், அதே சம்பளக்காரர் கூட்டம். ஆனால் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. டிரைவர்களில் பலர் வேலைக்குச் சேரும்போதே பருத்த இடுப்புக்காரர்கள் என்று பிறகு அவரே கண்டறிந்தார். ஆகவே எல்லாவற்றுக்கும் படிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பின்னர் வந்த எத்தனையோ ஆய்வுகள், உடல் அசைவு இருதயத்தைக் காக்கிறது என்பதை உறுதி செய்தன. அந்தக் கண்டக்டர் விளையாட்டுத் திடலுக்குப் போனவர் அல்லர். வேலையிலேயே அவருக்கு அது கிடைத்தது.

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடம்பு அசைந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு, ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். நேரமே இல்லை என்று சொல்லும் நம் தாய்மார்களுக்கு இது நல்ல செய்தி அல்லவா?

எனவே மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுக் கடைக்கு நடந்து போங்கள். பேக்டரி பஸ்ஸுக்குச் சற்று முன்னதாகக் கிளம்பி அடுத்த நிறுத்தத்தில் ஏறலாம். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது, லிப்டு பழுதாகும் வரை காத்திருக்க வேண்டாம்! முக்கியமாக, சாப்பிட்ட பின் தொலைக்காட்சி முன் சாயாமல் 10, 15 நிமிடம் நடந்து வாருங்கள். நடக்கும் கால் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கும். வீட்டு வேலையும் கணக்குத்தான், ஆனால் மூச்சு வாங்கும்படி வாசல் கூட்டுவதற்கும் அடுப்பருகே நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பெண்கள் தனியே நடக்கக் கூச்சப்படுகிறார்கள். தெருநாய்ப் பயமும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டால் இரண்டும் தீர்ந்தது. ஊர்ப் பேச்சைப் பேசிக்கொண்டே நடக்கலாம். பாட்டுப் பாட முடியாத வேகம் இருந்தால் போதும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் அங்கேயே நின்றுவிட்டு உடனே உதவி கேளுங்கள். ஜப்பான் சிலிப்பரில் நடக்காமல் மூடிய காலணி போடுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. உங்களுக்குக் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.