உழக்காவது மிஞ்சினால்தான் உலை கொதிக்கும்

தாராவியிலோ மாட்டுங்காவிலோ ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள், பையில் விழும் கோதுமை எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்ப்பது அரிது. பஞ்சாபில் ஒரு விவசாயி கடன் வாங்கி விதைத்தார். விளைந்ததை அரசு வாங்கியது. ரயில் வேகன்கள் சுமந்து வந்தன. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தால், கடைசியில் நிற்பவரின் பை காலிதான். அறுபது ஆண்டுகளுக்கு முன் நாடு இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

கப்பலை நம்பிய காலம்

1965, 1966 இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1964-65-இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966-இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதையும் அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுப்பாமல், அவ்வப்போது அளந்துதான் அனுப்பினார். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவு ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுக் கொடுக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். வயிற்றைக் கட்டினால் மட்டும் பற்றாக்குறை தீராது, விளைவிப்பவருக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்கை மாற்றத்தான் அவர் முயன்றார்.

1965 ஜனவரியில் விலையைச் சிபாரிசு செய்ய ஒரு கமிஷனும், தானியத்தை வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகமும் ஏற்பட்டன. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. 1968-இல் அறுவடையான கோதுமை 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அந்த மகசூலைக் கொண்டாட அரசு தபால் தலையே வெளியிட்டது.

விதை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. மகசூல் பெருகினால் சந்தையில் விலை விழும். அடிபட்ட விவசாயி அடுத்த போகம் குறைத்துத்தான் விதைப்பார். இந்த விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இருந்ததால்தான் அவர் உரத்துக்கும் பம்புசெட்டுக்கும் கடன் வாங்கத் துணிந்தார்.

அன்று போட்ட அஸ்திவாரம் 2020-இல் கை கொடுத்தது. ஊரடங்கில் வேலை நின்றபோது, ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகத் தர முடிந்தது. கிடங்குகளில் இருப்பு இருந்ததே காரணம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை என்றால், ஊரில் எடுத்த அட்டைக்கே இன்று மும்பையிலும் தானியம் வாங்கலாம்.

ஆனால் குறை தீர்ந்துவிடவில்லை. அரசு விலைக்கு நேரடியாக விற்க முடிந்தவர்கள் விவசாயிகளில் சுமார் 6 சதவீதம் பேர்தான் என்று சாந்த குமார் குழு 2015-இல் தன் அறிக்கையில் கூறியது. மற்றவர்கள் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கடலுக்குப் போகிறவர் கணக்கு

நிலத்தில் உழைப்பவர் நிலை இது என்றால், கடலில் உழைப்பவர் நிலை இன்னும் மோசம். ஜூன், ஜூலை இரு மாதங்களும் சசூன் டாக்கில் விசைப் படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை நியாயமானதுதான். இன்று குஞ்சை விட்டால்தான் நாளை மீன் கிடைக்கும். அதுவரை மீனவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

மத்திய அரசின் சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில், மீனவர் தன் பங்காக 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மூன்று மாதத்துக்கு மொத்தம் 4,500 ரூபாய் தருகிறது. நாளுக்கு 50 ரூபாய். அதிலும் மூன்றில் ஒரு பங்கு அவர் சொந்தப் பணம். தமிழக அரசு தனியாகத் தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. அதை 8,000 ஆக்குவதாக 2023-இல் அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு இது எம்மட்டு?

நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பது போல மீனுக்கு அரசு நிர்ணயித்த விலை கிடையாது. வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி வைத்ததே விலை என்று பல கரைகளில் நடக்கிறது. பனிக்கட்டி உருகுவதற்குள் விற்றாக வேண்டியவர் பேரம் பேச முடியாது.

தடைக்கால நிவாரணம் வயிறு நிரம்பும் அளவுக்கு உயர வேண்டும். அது படகு கட்டிக் கிடக்கும்போதே கைக்கு வர வேண்டும். துறைமுகங்களில் குளிர்பதனக் கிடங்குகள் பெருக வேண்டும். சிறு விவசாயி நடந்து போகும் தூரத்தில் கொள்முதல் நிலையம் வேண்டும்.

இவற்றை விவசாயிக்கும் மீனவருக்கும் போடும் தர்மம் என்று எண்ணுவது தவறு. மாதச் சம்பளத்தில் அரிசியும் மீனும் வாங்கிச் சாப்பிடும் நகரத்துக் குடும்பம் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் அது. கையில் காசு இருந்தும் கப்பலை எதிர்பார்த்து நின்ற 1966-ஐ ஒரு தலைமுறை பார்த்துவிட்டது. இன்னொரு தலைமுறை அதைப் பார்க்க வேண்டாம்.