கழுத்தில் ஒரு மூச்சு வாயில்

1799ஆம் ஆண்டு டிசெம்பர் 14ஆம் நாள். ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சனாதிபதியாய் விளங்கிய ஜோர்ஜ் வாஷிங்டன், தொண்டை வீங்கி மூச்சுத் திணறிக் கிடந்தார். வைத்தியர் மூவர் சூழ நின்றனர். பலமுறை குருதி வடித்தும் பயன் இல்லை. மூவருள் இளையவராகிய எலிஷா டிக், கழுத்தைக் கீறி மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்றார். ஏனைய இருவரும் இசையவில்லை. அன்றிரவே வாஷிங்டன் உயிர் நீத்தார்.

டிக் கூறிய அம்முறை யாது? கழுத்தின் முன்புறத்தை விரலால் தடவினால், துருத்தி நிற்கும் குரல்வளை தட்டுப்படும். அதன் கீழே ஒரு சிறு பள்ளம். பள்ளத்தின் கீழே மோதிரம் போன்ற கசியிழையம். அதற்கும் கீழே வளையம் வளையமாக இறங்குவது மூச்சுக்குழாய். பெரிய குருதிக்குழாய்கள் இருமருங்கிலும் மேல்கீழாக ஓடுகின்றன. ஆதலின் அவசர வேளையில் நடுக்கோட்டிலே நெடுக்காகக் கீறினால் குருதிப்பெருக்குக் குறைவு. வேண்டின் கீறலை நீட்டவும் இயலும். அவகாசம் உண்டாயின் குறுக்காகக் கீறுவோர் பலர். தோலின் இயற்கை மடிப்போடு பொருந்துவதால் வடு மெலிதாக ஆறும்.

தோலைக் கீறுவது ஒன்று. உள்ளே குழாயைத் திறக்கும் இடத்தைத் தெரிவது மற்றொன்று. குரல்வளையை ஒட்டி உயரத்திலே திறந்த நோயாளர் பலருக்கு, பின்னர் அவ்விடம் சுருங்கி மூச்சுவழி குறுகியதை அமெரிக்க வைத்தியர் செவாலியே ஜாக்சன் 1921இல் எடுத்துக்காட்டினார். ஆதலின் முதல் வளையத்தைத் தவிர்த்து, அதன் கீழுள்ள இரண்டாம், மூன்றாம் வளையங்களின் அளவிலே திறப்பது வழக்கமாயிற்று.

எனினும் வேறெவ்வழியாலும் காற்றை ஊட்ட இயலாது, நொடிக்கு நொடி உயிர் ஊசலாடும்போது, கீழே ஆழத்தில் உள்ள வளையங்களைத் தேட நேரம் ஏது? குரல்வளையின் கீழுள்ள பள்ளத்திலோ, தோலை அடுத்து மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. பிரான்டிகன், குரோ என்னும் இரு சத்திரவைத்தியர் 655 நோயாளரிடம் கண்ட அனுபவத்தை 1976இல் வெளியிட்டு, அவ்வழியைக் குறித்த அச்சத்தைத் தணித்தனர். உடனடி ஆபத்துக்குச் சவ்வு. நெடுநாட் சிகிச்சைக்குக் கீழ் வளையங்கள் என்பதே இன்றைய பொது நெறி.

துளையினுள் வைத்த குழாய் வழியே காற்று செல்லுங்கால், அது குரல்நாண்களைத் தொடாமையால் நோயாளர் பெரும்பாலும் பேச இயலார். அது கண்டு உற்றார் அஞ்ச வேண்டுவதில்லை. நோய் தணிந்து குழாயை எடுத்தபின், துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். குரலும் பெரும்பாலும் மீளும். எஞ்சுவது ஒரு சிறு வடு.