பன்யன் நினைவுச் சாளரமும் இரட்சணிய யாத்திரிகமும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை (1894) அதன் மூலமான ஜான் பன்யனின் நூலோடு ஒப்பிடுவது தமிழாய்வில் வழக்கமாக உள்ளது. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என அறியப்படும் அம்மூலநூல் கண்ணாடியிலும் மறுஆக்கம் பெற்றுள்ளது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தின் வடக்குக் குறுக்குக் கூடத்தில், நினியன் காம்பரின் வடிவமைப்பில் 1912இல் பன்யனுக்கு நிறுவப்பெற்ற நினைவுச் சாளரமே அது. கிருஷ்ண பிள்ளையின் ஆக்கமுறையை இச்சாளரத்தோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்யன் (1628–1688) பெட்ஃபோர்டு நகரச் சபையின் போதகர். முதிர்ந்தோர்க்கே திருமுழுக்கு என்னும் பாப்டிஸ்டு மரபினர். ஆயினும் திருமுழுக்கு வேறுபாட்டைக் காரணம் காட்டி எவரையும் விலக்கலாகாது என வாதிட்டவர். அரசுத் திருச்சபையின் ஒப்புதலின்றிப் போதித்தமையால் 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தார். அத்திருச்சபையின் புகழ்மிக்க ஆலயமே பின்னர் அவருக்குச் சாளரம் அமைத்தது. மற்றொரு முரணும் உண்டு. 1643இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஆலய உருவங்களை அகற்ற ஆணையிட்டது. வண்ணச் சாளரங்கள் பல உடைபட்டன. அந்நாடாளுமன்றத்தின் படையில் இளம் பன்யன் பணியாற்றியவர். அவர் சார்ந்த மரபு எளிய தொழுகைக் கூடங்களையே விரும்பியது.

அபேயின் சாளரம் சித்திரிப்பது நூலின் காட்சிகளையே. போதகரைப் பின்னிறுத்தி நூலாசிரியரை முன்னிறுத்தியதால்தான் அவரை அங்கு ஏற்பது எளிதாயிற்று என்பது என் கருத்து. பெட்ஃபோர்டிலுள்ள அவர் பெயர்கொண்ட ஆலயத்தின் சாளரமொன்றோ சிறையிலிருக்கும் பன்யனையே காட்டுகிறது. பெய்ரூட்டில் பிணைக்கைதியாக இருந்த (1987–1991) டெரி வெயிட்டுக்கு அச்சாளரத்தின் படம் பொறித்த அஞ்சலட்டை ஒன்று சென்று சேர்ந்தது. அவர் ஆங்கிலிக்கத் தலைமைப் பேராயரின் தூதர் என்பது இங்குக் கருதத்தக்கது.

உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து இத்தகைய சாளரங்கள் அமைக்கப்படுகின்றன. முகம், ஆடைமடிப்பு முதலியன தூரிகையால் தீட்டிச் சூளையில் சுடப்படும். கீழே நிற்பவர் ஒரு பார்வையில் உணருமாறு ஒவ்வொரு கட்டமும் அமைய வேண்டும். எனவே பன்யன் நூலின் உயிரான உரையாடல்களுக்கு அங்கு இடமில்லை, பயணமே எஞ்சுகிறது.

1858இல் சென்னையில் ஆங்கிலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளையின் முறை இதற்கு நேர்மாறானது. பன்யனின் எளிய உரைநடையைக் கம்பனை அடியொற்றிய விருத்தங்களில் ஐந்து பருவங்களாக விரித்தார். மூலத்தில் கதையாக இடம்பெறாத கிறிஸ்துவின் பாடுகளை ‘இரட்சணிய சரிதம்’ எனச் சேர்த்தார். இடையிடையே தேவாரப் பதிகங்களையும் அமைத்தார். கண்ணாடியில் பேச்சிழந்து நிற்கும் பயணி, இப்பதிகங்களில் இறைவனை நேரே முன்னிலைப்படுத்தி மன்றாடுகிறான்.