கம்போடியாவில் ஒரு கேமராப் பள்ளிக்கூடம்

நாகூரில் 1994-ஆம் ஆண்டு முதல் சிறியதொரு புகைப்பட நிலையம் நடத்தி வருபவன் நான். திருமணம், கத்னா வைபவம், கடவுச் சீட்டுப் படம் இவைதாம் என் பிழைப்பு. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்ற எங்கள் ஊர் இளைஞர்களில் பாதிப் பேராவது என் கடையின் வெள்ளைத் திரைக்கு முன்னால் அமர்ந்து எழுந்தவர்களாக இருப்பார்கள்.

என் வாப்பா மர்ஹூம் அவர்கள், பேணுதல் காரணமாக உருவப்படம் எடுத்துக் கொள்வதை விரும்பாதவர்கள். கடை திறந்த அன்று வீட்டில் வைத்து துஆச் செய்து அனுப்பினார்களே தவிர, கடைக்குள் காலடி வைக்கவில்லை. 1998-இல் ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்தபோது, கடவுச் சீட்டுக்காக வேறு வழியின்றி வந்தார்கள். நாற்காலியில் நேராக அமர்ந்தார்கள். விளக்கு மின்னியதும், "முடிந்ததா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். 2009-இல் வஃபாத்தானார்கள். அவர்களுடைய உருவமென்று எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு சிறு படம் மட்டுமே. வாப்பாவைப் பற்றி இங்கே ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போக வாசகர்களுக்குப் புரியும்.

2017-ஆம் ஆண்டு, கோலாலம்பூரிலுள்ள என் மச்சான் ஒரு செய்தியைத் தெரிவித்தார். கம்போடியாவின் சியம் ரீப் நகரில் ஆவணப் புகைப்படக்கலை பற்றி ஏழு நாள் பயிலரங்கு ஒன்று நடைபெறவிருப்பதாகவும், பத்துப் படங்களை அனுப்பினால் தகுதி பார்த்துச் சேர்த்துக் கொள்வார்களென்றும் சொன்னார். ஆவணப் புகைப்படம் என்பது, மனிதர்களின் வாழ்வை உள்ளது உள்ளபடி, அலங்காரமின்றித் தொடர் படங்களாகப் பதிவு செய்யும் கலை. நான் ஒன்பது திருமணப் படங்களையும், நாகூர்க் கடற்கரையில் கருவாடு காயப் போடும் பெண்களின் படம் ஒன்றையும் அனுப்பினேன். அந்தக் கருவாட்டுப் படத்திற்காகவே இடம் கிடைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தைந்து வயதில் மாணவனாகப் புறப்பட்டவனைப் பார்த்து உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கே நமக்கு ஆகுமான சாப்பாடு கிடைக்குமா வாப்பா?" கிடைத்தது. அந்தச் சாப்பாடே எனக்கு வழியும் காட்டியது.

முதல் நாள் விழுந்த அடி

அங்கோர் வாட் கோயில் வளாகத்தால் உலகப் புகழ் பெற்ற ஊர் சியம் ரீப். புகைப்படக்காரர்களுக்கு வேறொரு காரணத்தாலும் அது பழக்கமான ஊர். 2005-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட அங்கோர் புகைப்பட விழாவில், ஆசிய நாட்டு இளம் புகைப்படக்காரர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்தார்கள். அதன் பிறகு பலரும் அந்த ஊரில் பயிலரங்குகள் நடத்தலாயினர். நான் சென்றது அத்தகைய சிறிய பயிலரங்கு ஒன்றுக்கு. பதினான்கு பேர் இருந்தோம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நேப்பாளம், வங்காளதேசம் என்று பல நாட்டவர். ஐந்து பேர் பெண்கள். எல்லாரும் என்னைவிட இளையவர்கள்.

முதல் நாள் காலையில் எங்கள் படங்களை மேசைமீது பரப்பச் சொன்னார் ஆசிரியர். என் திருமணப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இல்லாதபோது இவர்கள் என்ன செய்வார்கள்?" இருபத்து மூன்று ஆண்டுத் தொழில் அனுபவத்துடன் சென்றிருந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

விதிகள் எளியவை. ஒவ்வொருவரும் ஒரு கதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டும். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸுக்கு அனுமதியில்லை. அருகில் போனால்தான் படம் கிடைக்கும்; அருகில் போக வேண்டுமென்றால் அந்த மனிதரின் சம்மதம் வேண்டும். மின்னொளி கூடாது. யாரையும் நிற்கவோ திரும்பவோ சிரிக்கவோ சொல்லக் கூடாது. விடியற்காலையில் புறப்பட்டு மாலையில் திரும்ப வேண்டும். இரவில், எடுத்த படங்களையெல்லாம் போட்டுப் பார்த்துக் கழிக்க வேண்டும். இந்தக் கழிக்கும் வேலைதான் எடுப்பதைவிடக் கடினம். கடைசி இரவு பன்னிரண்டு படங்களைத் திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

என் கதையை நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஹலாலான உணவு தேடி நடந்தபோது பாங்கோசை கேட்டது. ஓசை வந்த திசையில் போனேன். சியம் ரீப் நகருக்குள்ளேயே சாம் முஸ்லிம்கள் வாழும் பகுதியும் பள்ளிவாசலும் இருக்கின்றன. மறுநாள் ஃபஜ்ரு தொழுகையில் இமாம் குனூத் ஓதினார். நாங்களும் ஷாஃபிஈ மத்ஹபினர் அல்லவா! அயல் தேசத்தில், மொழி தெரியாத ஜமாஅத்தில் நின்றுகொண்டு, எங்கள் தெருப் பள்ளியில் நிற்பதுபோன்ற உணர்வை அடைந்தேன்.

சாம் மக்களைப் பற்றி நம் வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இன்றைய வியட்நாமின் மத்திய, தென் கரைகளில் நூற்றாண்டுகள் பலவாக விளங்கிய சம்பா அரசின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய மொழி மலாய் மொழிக்கு உறவானது. 1471-இல் விஜயா நகர் வீழ்ந்த பின்னர் அலையலையாகக் கம்போடியாவுக்குள் குடியேறினார்கள். மீன்பிடித்தல், மாட்டு வணிகம், சில்லறை வியாபாரம் ஆகியவை அவர்களுடைய தொழில்கள்.

மூதாட்டியின் கேள்வி

சாம் இனத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தார். சந்தையில் கருவாடு விற்கும் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கருவாடு என்றதும் என் கை பரபரத்தது. ஸலாம் சொன்ன வேகத்திலேயே கேமராவை உயர்த்திவிட்டேன். மீனைக் கீறிக்கொண்டிருந்த அந்த அம்மா, கத்தியைக் கீழே வைத்து, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இந்தப் படத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்," என்றார் மாணவர்.

என்னிடம் பதில் இல்லை. பயிலரங்கில் காட்டுவேன் என்பதா? பாராட்டுப் பெறுவேன் என்பதா? அன்றிரவு ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். "நாளைக்குக் கேமராவை அறையில் வைத்துவிட்டுப் போங்கள்," என்றார். ஏழு நாள் பயிலரங்கில் இரண்டு நாட்களை நான் கேமரா இல்லாமல் கழித்தேன். மீன் கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் பேரன் ஓதுவதைக் கேட்டேன். தொன்லே சாப் ஏரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் மேகாங் நதியின் வெள்ளம் தள்ளுவதால், ஏரியிலிருந்து வடிய வேண்டிய ஆறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடுமாம்; ஏரி பல மடங்கு விரியுமாம். மழை நின்றதும் நீர் வடிகையில்தான் மீன் அள்ளிக் கொடுக்குமாம். நான் சென்ற டிசம்பர் அந்தப் பருவம்.

மூன்றாம் நாள் அவரே பேசினார். கெமர் ரூஜ் ஆட்சி நடந்த 1975 முதல் 1979 வரையிலான ஆண்டுகளில் கணவரையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். அந்த ஆட்சியில் தொழுகை தடுக்கப்பட்டது. குர்ஆன் பிரதிகள் பறித்து அழிக்கப்பட்டன. பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டனர். பன்றி இறைச்சி உண்ணுமாறு வற்புறுத்தப்பட்டனர். சாம் கிராமங்கள் கலைக்கப்பட்டன. மாண்ட சாம் மக்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் என்பது வரலாற்றாசிரியர் பென் கீர்னனின் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்போரும் உண்டு. இந்த அம்மா எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. "அவர்களுடைய முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில் வருவதில்லை. ஒரு படம்கூட இல்லை," என்று மட்டும் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, "என்னை ஒரு படம் எடுத்துத் தாருங்கள். மீன் நாற்றத்தோடு அல்ல," என்றார். பெருநாளுக்கு உடுத்தும் ஆடையை அணிந்து வந்து, நாற்காலியில் நேராக அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். என் கடைக்கு வருவோர் அமர்வதைப் போலவே. என் வாப்பா அமர்ந்ததைப் போலவே.

யாரையும் அமரச் சொல்லக் கூடாது என்பது பயிலரங்கின் விதி. நான் ஒரு சன்னலைத் திறந்து வைத்து, நாற்காலியைச் சற்றே திருப்பி, முகத்தில் ஒளி விழும்படி செய்தேன். மூன்று படங்கள் எடுத்தேன். அன்று மாலையே கடையில் கொடுத்து அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் முதல் அந்த வீட்டில் நான் எங்கே நின்று எதைப் படமெடுத்தாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆசிரியர் அந்தப் படத்தைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்க்க ஒப்பவில்லை. "இது அவருக்குச் சொந்தமானது, உங்கள் தொடருக்கு உரியதல்ல," என்றார். அவருடைய கருத்தை மதிக்கிறேன். எனினும், தன்னை எப்படிக் காண வேண்டும் என்று ஒருவர் தாமே விரும்புகிறாரோ, அதுவும் உண்மையான ஆவணம்தான் என்று அன்றும் வாதிட்டேன். இன்றும் அப்படியே கருதுகிறேன்.

பெயர் கேட்காத படம்

இரவு வகுப்புகளில் பழைய மேதைகளின் படங்களைக் காட்டினார்கள். அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் எனக்குப் பிடித்துப் போனார். ஆலைச் சிறுவர்களின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை வைத்து அளந்து, பைக்குள் கைவிட்டபடியே இரகசியமாகக் குறிப்பு எழுதிக் கொள்வாராம்! படத்தோடு குறிப்பும் முக்கியம் என்று கருதியவர்.

இதற்கு நேர்மாறானது 1936-இல் டாரதியா லாங் எடுத்த படம். பஞ்சம் பிழைக்க வந்த தாய் ஒருத்தி, கவலையோடு கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் படம். உலகப் புகழ் பெற்றது. ஆனால் லாங் அவருடைய பெயரைக் கேட்டுக் கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அந்தப் பெண்மணியை உலகம் அறிந்துகொண்டது 1978-இல்தான். அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அன்று முதல் எங்கள் பயிலரங்கில், பெயரும் ஊரும் தேதியும் எழுதப்படாத படத்தைத் திரையில் போடவே விடவில்லை.

தொழில் நுணுக்கம் என்று பார்த்தால், ஏழு நாளில் நான் புதிதாகக் கற்றது கொஞ்சம்தான். எழுநூறு படங்களிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்குவது எப்படி, ஒரு படத்துக்கு அடுத்து எது வந்தால் கதை நகரும் என்பவற்றைக் கற்றேன். எங்களோடு வந்திருந்த இந்தோனேசியச் சகோதரி, ஆண்கள் நுழைய முடியாத அடுப்படிகளுக்குள் முக்காட்டோடு இயல்பாகப் போய் அமர்ந்து எடுத்த படங்கள் எல்லாருடையதையும்விடச் சிறந்து நின்றன. நம் பெண்பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வங்காளதேசத்தின் தாக்கா நகரில் ஷஹீதுல் ஆலம் 1998-இல் நிறுவிய 'பாட்சாலா' என்னும் புகைப்படப் பள்ளியில் பயின்ற தஸ்லிமா அக்தர், 2013-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டபோது எடுத்த படத்தை உலகமே கண்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயிலரங்கு என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பேருந்தில் கூட்டிப்போய், ஏழைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுக்க வைக்கும் வியாபாரமும் பல நாடுகளில் நடக்கிறது. ஒரே இடத்தில் எத்தனை நாள் தங்க வைப்பார்கள், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் உண்டா, எடுத்த படங்களை அம்மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பார்களா என்று விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

துவோல் ஸ்லெங்

ஊர் திரும்பும் வழியில் நோம் பென் நகரில் இறங்கி, துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். பள்ளிக்கூடமாக இருந்து கெமர் ரூஜின் சித்திரவதைச் சிறையான இடம் அது. எஸ்-21 என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். உள்ளே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும், எண் அட்டை குத்தி, நேராக அமர வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். பிறகு கொன்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அந்த முகங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. படமெடுத்தவர்களில் ஒருவரான நெம் என், பதின்பருவத்தில் சீனாவுக்கு அனுப்பப்பட்டுப் புகைப்படம் கற்று வந்தவராம். வெளிநாடு சென்று கேமராக் கற்றுத் திரும்பும் வழியில் இதைப் படித்தபோது, தோளில் தொங்கிய கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். அங்கே நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

மறு ஆண்டு, 2018 நவம்பர் 16 அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு கம்போடியாவில் அமைக்கப்பட்ட நீதிமன்றம், கெமர் ரூஜ் தலைவர்களில் ஒருவரான நுவோன் சியா சாம் மக்களுக்கு எதிராக இனப்படுகொலைக் குற்றம் புரிந்தவர் என்று தீர்ப்பளித்தது. செய்தியைப் படித்ததும் அந்த மாணவருக்கு எழுதினேன். மூதாட்டி சந்தையில் இருந்ததாகவும், வீட்டுக்கு வந்த பிறகே விவரம் தெரிந்துகொண்டதாகவும் பதில் வந்தது. தீர்ப்பைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லையாம். மலேசியாவில் வேலை பார்க்கும் மகளுக்கு அந்த நாற்காலிப் படம் இன்னொன்று வேண்டும், நாகூர்க்காரர் அனுப்புவாரா என்று கேட்கச் சொன்னாராம்.

இரண்டு பிரதிகள் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி, கோலாலம்பூர் மச்சான் வழியாக அனுப்பி வைத்தேன்.